சாவியைக் கொடுத்துவிட்டுக் கடமையை வைத்துக்கொண்ட நகரம்: கிளாஸ்கோ, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் 30 அன்று, தன் எல்லைக்குள் வீட்டுவசதி நெருக்கடிநிலை நிலவுவதாக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாநகராட்சி அறிவித்தது. வீடற்றோராகப் பதிவு செய்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. தற்காலிகத் தங்குமிடங்கள் நிரம்பிவிட்டன. மிஞ்சியவர்களை ஹோட்டல் அறைகளில் தங்கவைத்து, அதற்கான கட்டணத்தை மாநகராட்சி செலுத்திக்கொண்டிருந்தது.

இந்த அறிவிப்பைப் படிக்கும் யாருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: மாநகராட்சியின் சொந்த வீடுகளில் எத்தனை காலியாக இருக்கின்றன? மாநகராட்சியிடம் குடும்பங்களுக்கு நிரந்தர வாடகைக்கு விடச் சொந்த வீடுகள் இல்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பொதுத்துறை வீட்டு உரிமையாளர்களுள் ஒன்றாக இருந்த அந்த மாநகராட்சி, 2003 மார்ச்சில் தன்னிடம் எஞ்சியிருந்த ஏறத்தாழ 80,000 வீடுகளையும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டது. வீடற்றவருக்கு வீடு தரவேண்டும் என்ற சட்டக் கடமை மட்டும் மாநகராட்சியிடமே தங்கிவிட்டது.

உள்ளாட்சிக்கும் இலாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்புகளுக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசும்போது வியன்னாவையோ ஆம்ஸ்டர்டாமையோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நான் கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இந்த உறவு மிக நன்றாக நடந்த காலமும் மிகவும் திணறிய காலமும் ஒரே நகரத்தில், ஒரே தலைமுறையின் கண்முன்னே அமைந்திருப்பதுதான்.

வாடகை மறுப்பிலிருந்து மாநகராட்சி வீடு வரை

கிளாஸ்கோவில் வீட்டுவசதி எப்போதுமே தெருவில் இறங்கிப் போராடிப் பெற்ற ஒன்று. முதல் உலகப்போரின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். வீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில் இருந்த 1915-இல், கோவன் பகுதியின் மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக வாடகை மறுப்பைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் உயர்த்திய வாடகையைத் தர மறுத்தன. வீட்டைக் காலிசெய்ய வைக்க அதிகாரி வந்தால் பெண்கள் மணியடித்து ஊரைக் கூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை லண்டன் நாடாளுமன்றம் இயற்றியது. மேரி பார்பர் 1920-இல் மாநகராட்சி உறுப்பினரானார்.

அதன் தொடர்ச்சியாகத்தான் மாநகராட்சியே வீடு கட்டத் தொடங்கியது. கிளாஸ்கோ நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் வீட்லி, முதல் தொழிற்கட்சி அரசில் சுகாதார அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 1924-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இதற்கு மானியம் தந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வேகம் பன்மடங்கானது. நகர விளிம்பில் காசில்மில்க், டிரம்சாப்பல், ஈஸ்டர்ஹவுஸ், போலக் என்ற நான்கு மாபெரும் குடியிருப்புகள் எழுந்தன. நகரின் உள்ளே 29 பகுதிகளை முழுமையாக இடித்துத் திரும்பக் கட்டும் திட்டம் 1957-இல் வந்தது. 1960-களில் ரெட் ரோடு என்ற இடத்தில் 31 மாடி வரை உயர்ந்த எட்டுக் கட்டடங்கள் எழுந்தன.

எண்ணிக்கையில் இது பெரும் சாதனைதான். ஆனால், ஒரே அலுவலகம் நகரத்தின் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு உரிமையாளராக ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் இதே நகரம் காட்டியது. கோர்பல்ஸ் பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் குடியேற்றம் நடந்த ஹட்சிசன்டவுன் ‘ஈ’ குடியிருப்பில் சுவரெல்லாம் ஈரம் ஊறியது, பூஞ்சை பிடித்தது. குற்றம் கட்டடத்தில் இல்லை, குடியிருப்பவர்களின் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1987-இல், கட்டிப் பதினைந்து ஆண்டுகள் அளவிலேயே, அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அரசுக்குச் சொந்தமான வீடு என்பதாலேயே அது மக்கள் வீடு ஆகிவிடாது. பொதுத்துறை வீட்டுவசதியை ஆதரிக்கும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

டரன்சே தெருவின் கழிப்பறைகள்

உறவு நன்றாக நடந்த காலம் ஒரு கழிப்பறைப் பிரச்சினையில் தொடங்குகிறது.

கிளாஸ்கோவின் பழைய தொழிலாளர் வீடுகள் நான்கு மாடிக் கல் கட்டடங்கள். தெருவிலிருந்து ஒரு பொது நடைவழி உள்ளே போகும். அந்த ஊர்க்காரர்கள் அதை ‘க்ளோஸ்’ என்பார்கள். அதில் ஏறும் மாடிப்படியின் இருபுறமும் சிறு வீடுகள். பல கட்டடங்களில் கழிப்பறை படிக்கட்டின் திருப்பத்தில்தான் இருந்தது. இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றைப் பகிர்ந்துகொண்டன. சுகாதாரம் கெட்ட கட்டடங்கள் என்று முத்திரை குத்தி இவற்றை வரிசையாக இடித்துத் தள்ளுவதே அன்றைய கொள்கை. குடியிருந்தவர்கள் நகர விளிம்புக்கோ புதிய நகரங்களுக்கோ அனுப்பப்பட்டார்கள். அக்கம்பக்கம், தாய்வீடு, வேலைத்தளம், தேவாலயம் எல்லாம் ஒரே வீச்சில் அறுந்துபோயின.

1970-களின் தொடக்கத்தில் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர்கள், ரேமண்ட் யங் உள்ளிட்டோர், கோவனின் டரன்சே தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: கட்டடம் உறுதியான கல்லால் ஆனது, குறை கழிப்பறை இல்லாததுதான் என்றால், கழிப்பறையை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் என்ன? அந்த வீடுகளில் சமையலறைச் சுவரோரம் கட்டில் போடுவதற்கென்றே ஓர் உள்ளொடுங்கிய இடம் உண்டு. அந்தக் கட்டில் மாடத்தைக் குளியலறையாக மாற்றலாம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ‘அசிஸ்ட்’ என்ற பெயரில் அந்தப் பகுதியிலேயே ஒரு கடையில் அலுவலகம் திறந்தார்கள். குடியிருந்தவர்கள் பால் வாங்கப் போகும் வழியில் உள்ளே நுழைந்து தங்கள் வீட்டு வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடிந்தது.

வீடுகளைத் தம் பெயரில் வைத்து வாடகைக்கு விடும் இலாப நோக்கற்ற அமைப்புகளான அந்த நகரத்தின் வட்டார வீட்டுவசதிச் சங்கங்கள் இதிலிருந்துதான் வளர்ந்தன. 1974-இல் வந்த இரண்டு சட்டங்கள் இதற்கு உயிர் கொடுத்தன. ஒன்று, வீட்டுவசதிச் சங்கங்களுக்குப் பெரிய அளவில் அரசு மானியம் தந்தது. மற்றொன்று, ஒரு பகுதியின் மோசமான வீடுகளைச் சீர்செய்வதற்காக அதை ‘வீட்டுவசதி நடவடிக்கைப் பகுதி’ என்று அறிவிக்கும் அதிகாரத்தை ஸ்காட்லாந்தின் உள்ளாட்சிகளுக்கு அளித்தது.

வேலை பிரிந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரே கட்டடத்தில் எட்டு வீடு, எட்டு உரிமையாளர். அவர்களில் ஒருவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. அவரிடமிருந்து வீட்டைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் மாநகராட்சிக்கு மட்டுமே உண்டு. ஆனால், மூன்றாம் மாடி மூதாட்டி எத்தனை படி ஏற முடியும், வேலை நடக்கும் மாதங்களில் அவரை எந்த வீட்டுக்கு மாற்றினால் தோழியின் வீட்டுக்கு அருகில் இருப்பார் என்பது மாநகராட்சிக்குத் தெரியாது. சம்பளமில்லாமல் மாலைக் கூட்டங்களில் உட்கார்ந்த சங்கக் குழு உறுப்பினர்களுக்குத் தெரியும். அவர்களும் அதே தெருக்காரர்கள். பணம் மத்திய அரசின் மானியத்திலிருந்து வந்தது. அதிகாரமும் பணமும் உள்ளூர் அறிவும் ஒரே தெருவின் மேல் குவிந்தன. ஒன்று பின்வாங்கினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஏற்பாட்டில்தான் கிளாஸ்கோவின் பழைய கல் வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிபடாமல் தப்பின. இன்று அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் படமெடுக்கும் செம்மணற்கல் வீதிகள் பலவற்றுக்குப் பின்னால் இந்தத் தெருக்குழுக்களின் உழைப்பு இருக்கிறது.

1980-களின் நடுவில் இதே முறை மாநகராட்சியின் சொந்தக் குடியிருப்புகளுக்கும் நீண்டது. செலவுக்கு லண்டன் விதித்த வரம்பால் பழுதுபார்க்கக்கூடப் பணமில்லாத மாநகராட்சி, காசில்மில்க் ஈஸ்ட் போன்ற சில சிறு பகுதிகளைக் குடியிருப்போர் கூட்டுறவுகளிடம் ஒப்படைத்தது. தொழிற்கட்சி ஆண்ட மாநகராட்சி தன் வீடுகளைக் கைமாற்றுவது கட்சிக்குள்ளேயே கசப்பை உண்டாக்கியது. ஆனாலும் அந்தக் கூட்டுறவுகள் மாநகராட்சியால் பெற முடியாத கடனையும் மானியத்தையும் பெற்று வீடுகளைச் சீர்செய்தன. ஒவ்வொன்றும் ஒரு சில நூறு வீடுகள். அளவு சிறியது என்பதுதான் அதன் பலம்.

ஒரே நாளில் 80,000 வீடுகள்

1990-களின் இறுதியில் நிலைமை இது. வாடகைதாரர்கள் தள்ளுபடி விலையில் வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்ற 1980-ஆம் ஆண்டின் சட்டத்தால் நல்ல வீடுகள் பல கைமாறிவிட்டன. எஞ்சியவற்றின்மேல் ஏறத்தாழ 90 கோடி பவுண்டு கடன். வாடகையாக வந்த பணத்தில் பெரும் பங்கு பழைய கடனுக்கே போனது. ஒழுகும் கூரைக்கும் உடைந்த ஜன்னலுக்கும் மிஞ்சியது கொஞ்சம்தான்.

பிரிட்டிஷ் நிதித்துறை முன்வைத்த ஏற்பாடு இது: வீடுகள் அனைத்தையும் மாநகராட்சிக்கு வெளியே உள்ள இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றுக்கு மாற்றினால் அந்தக் கடனை அரசே தீர்த்துவிடும். புதிய அமைப்பு வாங்கும் வங்கிக் கடன் அரசுக் கணக்கில் சேராது. அதனால் தாராளமாக முதலீடு செய்யலாம். வீடுகள் மாநகராட்சியிடமே இருந்தால் கடனும் இருக்கும்.

2002 ஏப்ரலில் வாடகைதாரர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 58 சதவீதத்தினர் மாற்றத்துக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அதே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதே கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கினர் ‘வேண்டாம்’ என்றார்கள். கிளாஸ்கோவில் எதிர்ப்பு இயக்கம் நடத்திய வாடகைதாரர்களும் தொழிற்சங்கத்தினரும் இதை மிரட்டல் என்றே சொன்னார்கள். என் தீர்ப்பும் அவர்கள் பக்கமே சாய்கிறது. கடனைத் தீர்க்கப் பணம் இருந்தது என்றால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இருந்தது. ஒரு விடைக்கு மட்டும் பரிசு வைத்த கேள்வியை மக்கள் தேர்வு என்று முழு மனதோடு சொல்ல முடியாது. ஆனால், ஆதரித்து வாக்களித்தவரைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. பத்துக் குளிர்காலங்களாக ஒழுகும் வீட்டில் இருந்தவருக்கு வெப்பமூட்டும் குழாய்தான் முதலில் வேண்டும்.

2003 மார்ச்சில் கிளாஸ்கோ வீட்டுவசதிச் சங்கம் என்ற புதிய அமைப்பிடம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டில் வீடுகளின் தரம் உயர்ந்தது என்பதை எதிர்ப்பாளர்களும் மறுக்கமாட்டார்கள். கூரை, ஜன்னல், சமையலறை, வெப்பமூட்டி, சுவர்க் காப்பு என்று பெருந்தொகை செலவிடப்பட்டது. கூடவே ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கவும் பட்டன. ரெட் ரோடு கட்டடங்களின் கடைசி ஆறுக்கும் 2015 அக்டோபரில் வெடிவைக்கப்பட்டது.

இடறியது வேறோர் இடத்தில். மக்களிடம் வாக்குக் கேட்டபோது தந்த உறுதிமொழிகளுள் முக்கியமானது, பெரிய சங்கம் ஓர் இடைநிலை ஏற்பாடுதான், வீடுகள் விரைவில் வட்டாரச் சங்கங்களிடம் பிரித்துக் கொடுக்கப்படும் என்பது. டரன்சே தெருவின் வழிவந்த நகரத்துக்கு இது இயல்பான ஆசை. ஆனால், பெரிய சங்கத்தின் நிதித் திட்டம் எல்லா வீடுகளின் வாடகையையும் சேர்த்துப் பெற்ற கடனின்மேல் நின்றது. நல்ல நிலையில் இருக்கும் வீடுகளைப் பிரித்துக் கொடுத்தால் மிச்சமிருப்பவற்றின் வாடகை கடனைத் தாங்குமா? விலையை யார் நிர்ணயிப்பது? இந்தக் கேள்விகளுக்கு ஒப்புக்கொண்ட விடை இல்லாமலேயே மாற்றம் நடந்திருந்தது. பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பின்னர் ஒரு பகுதி வீடுகள் வட்டாரச் சங்கங்களுக்குப் போயின, பெரும்பகுதி போகவில்லை. பெரிய சங்கம் இன்று ஜான் வீட்லியின் பெயர் தாங்கிய ஒரு குழுமத்தின் அங்கம். 2022 முதல் அதன் பெயரும் ‘வீட்லி ஹோம்ஸ் கிளாஸ்கோ’.

5-ஆம் பிரிவு என்ற பாலம்

வீடுகள் போன பிறகு மாநகராட்சி வீடற்றோருக்கான கடமையை எப்படி நிறைவேற்றும்? இதற்கு வழி 2001-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து வீட்டுவசதிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இருக்கிறது. வீடற்றவர் ஒருவருக்கு வீடு கொடுக்கும்படி மாநகராட்சி ஒரு சங்கத்திடம் கோரலாம். தக்க காரணம் இல்லாமல் சங்கம் மறுக்க முடியாது. உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகவேண்டும்.

சட்டப் புத்தகத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் கிளாஸ்கோவில் 60-க்கும் மேற்பட்ட சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகக் குழு, தனிக் காத்திருப்போர் பட்டியல். ஒரு தாயையும் மூன்று பிள்ளைகளையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாநகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். அலுவலர் அவர்கள் நிலையை மதிப்பிட்டு, எந்தப் பகுதி, எத்தனை அறை என்று எழுதி, ஒரு சங்கத்துக்கு அனுப்புகிறார். அந்தச் சங்கத்தில் பெரிய வீடு காலியாக இல்லை. இருப்பவை ஒற்றைப் படுக்கையறை வீடுகள். கோரிக்கை திரும்புகிறது, அல்லது காத்திருக்கிறது. அதுவரை அந்தப் பிள்ளைகள் ஹோட்டல் அறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிறார்கள்.

சங்கங்களின் பக்கத்து நியாயத்தையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும். அவர்களுக்கு அந்த வட்டாரத்தில் மதிப்பு இருப்பதே வட்டார மக்களைக் கவனிப்பதால்தான். இரண்டு அறையில் ஆறு பேராக எட்டு ஆண்டு காத்திருக்கும் குடும்பம் அவர்கள் குழுக் கூட்டத்துக்கு நேரில் வந்து கேட்கும். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் ஒருவருக்கு வீட்டை மட்டும் கொடுத்து, உடனிருந்து உதவ ஆளை மாநகராட்சி அனுப்பாவிட்டால் ஆறு மாதத்தில் அந்த வீடும் அவரும் குலைந்துபோவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மாநகராட்சியின் அலுவலரோ, தன் கையில் சாவி இல்லாமல் சட்டத்தின் கெடுவை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர். அவருடைய களைப்பும் பொய்யல்ல.

2018-இல் ஸ்காட்லாந்தின் வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையம் கிளாஸ்கோவில் வீடற்றோருக்கு வீடு கிடைக்கும் முறையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சங்கங்கள்தான் கதவை அடைக்கின்றன என்று பொதுவாகப் பேசப்பட்டுவந்த சூழலில், அறிக்கை மாநகராட்சியின் சொந்த நடைமுறையையே கடுமையாகச் சுட்டிக்காட்டியது. மாநகராட்சி போதுமான பேரைச் சங்கங்களுக்கு அனுப்பவே இல்லை. மக்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் மிக நீண்ட காலம் காத்திருந்தார்கள். எனக்கு இது வியப்பளிக்கவில்லை. வீடு கொடுக்கும் வேலையைக் கையை விட்டு இறக்கிய அலுவலகம், நாளடைவில் வீட்டுக்கு ஆளைப் பொருத்தும் திறமையையும் இழக்கும்.

கோவனில் அன்று சேர்ந்திருந்தவை இங்கே பிரிந்து நின்றன. கடமை ஓரிடம், சாவி இன்னோரிடம், இரண்டுக்கும் நடுவே ஒரு படிவம்.

மாநகராட்சியிடம் எஞ்சிய பலம்

மாநகராட்சி வெறுங்கையோடு நிற்கிறது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஸ்காட்லாந்தில் பிற உள்ளாட்சிகளுக்கு இல்லாத ஒரு வசதி கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் உண்டு. புதிய வீடுகள் கட்ட ஸ்காட்லாந்து அரசு தரும் மானியத்தை இந்த இரு மாநகராட்சிகளே நிர்வகிக்கின்றன. எந்தச் சங்கம், எங்கே, எத்தனை வீடு கட்டலாம் என்பதில் மாநகராட்சியின் சொல் செல்லும். நிலமும் அதனிடம் உண்டு. லாரிஸ்டன், சைட்ஹில் போன்ற இடங்களில் பழைய அடுக்குமாடிகளை அகற்றிய நிலத்தில் மாநகராட்சியும் சங்கங்களும் சேர்ந்து புதிய தெருக்களை உருவாக்கியிருக்கின்றன. கட்டுவதில் இந்த உறவு நன்றாகவே நடக்கிறது; ஏனென்றால் அங்கே இருவருக்கும் மற்றவர் கையில் இருப்பது தேவைப்படுகிறது. கட்டிய வீட்டில் யார் குடியேறுவது என்ற இடத்தில்தான் அந்தத் தேவை ஒருபக்கமாகிவிடுகிறது. மானியம் கொடுக்கும்போதே, வீடற்றோருக்கு இத்தனை வீடு, அவற்றில் பெரிய குடும்பங்களுக்கு இத்தனை என்று எழுதி வாங்குவதும், அதே ஒப்பந்தத்தில் உடனிருந்து உதவும் பணியாளர்களுக்கான பொறுப்பை மாநகராட்சி எழுதிக்கொடுப்பதும் அதற்கு வழியாகும் என்று நினைக்கிறேன்.

இதற்குள் சட்டக் கடமை பெருகிக்கொண்டே வந்தது. 2012 இறுதியிலிருந்து, தன் செயலால் அன்றி வீடிழந்த எவருக்கும் ஸ்காட்லாந்தில் நிலையான வீடு பெறும் உரிமை உண்டு. உலகின் மிக முற்போக்கான வீட்டுரிமைச் சட்டங்களில் இதுவும் ஒன்று. 2020 மே முதல், தகுதியற்ற தங்குமிடத்தில் எவரையும் ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2022 நவம்பரில், வந்தவரை அவருடைய சொந்த உள்ளாட்சிக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் நிறுத்தப்பட்டது. ஒவ்வொன்றும் தன்னளவில் மனிதநேயமான முடிவு. 2023-இல் பிரிட்டிஷ் உள்துறை, தேங்கிக் கிடந்த புகலிட விண்ணப்பங்களை விரைவாக முடிக்கத் தொடங்கியது. அகதி என்ற தகுதி கிடைத்ததும் புகலிடத் தங்குமிடத்தை விட்டு வெளியேற வேண்டியவர்கள், பெருமளவில் புகலிடம் நாடுவோர் வாழும் கிளாஸ்கோவில், நேராக மாநகராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். நவம்பர் 30 அறிவிப்பின் உடனடிக் காரணம் இது.

அறிவிப்பு வந்த சில வாரங்களில், 2023 டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசின் வரவு செலவுத் திட்டம் வந்தது. வாங்கத்தக்க விலை வீடுகளுக்கான ஒதுக்கீடு 75.2 கோடி பவுண்டிலிருந்து 55.6 கோடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. அடுத்த மே மாதத்தில் ஸ்காட்லாந்து அரசே நாடு முழுவதற்கும் வீட்டுவசதி நெருக்கடிநிலையை ஒப்புக்கொண்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, சந்தையில் விற்பனைக்கு வரும் வீடுகளை வாங்கிக் குறைந்த ‘சமூக வாடகை’க்கு விட இரண்டு ஆண்டுகளுக்கு 8 கோடி பவுண்டு கூடுதலாக அறிவித்திருந்தது. 2025–26-இல் ஒதுக்கீடு 76.8 கோடிக்குத் திரும்பியது. கிளாஸ்கோவில் அந்தப் பணத்தில் வாங்கப்படும் வீடுகளும் சங்கங்களின் பெயரிலேயே பதிவாகின்றன. அவற்றில் குடியேற வேண்டிய குடும்பத்தின் பெயரை, இன்றும் 5-ஆம் பிரிவின் கீழ் ஒரு கோரிக்கையாக எழுதித்தான் மாநகராட்சி அலுவலர் அனுப்புகிறார்.